கம்பாலாவா, கிகாலியா?

கேள்வி: என் கணவர் தொழிற்சாலைப் பராமரிப்புப் பொறியாளர். உகாண்டாவின் கம்பாலாவில் மாதம் 1,800 டாலருக்கும், ருவாண்டாவின் கிகாலியில் 2,100 டாலருக்கும் வேலை வந்திருக்கிறது. இரண்டுமே மூன்று வருட ஒப்பந்தம். பெரியவன் சிபிஎஸ்இயில் மூன்றாம் வகுப்பு படிக்கிறான், சின்னவளுக்கு மூன்று வயது. நான் பி.எட். முடித்திருக்கிறேன். கிகாலிதான் சுத்தம், பாதுகாப்பு என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்களுக்கு எது நல்லது?
– வாசகி, கோவை

பதில்: சகோதரி, கிகாலியைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். 2008லேயே பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்த நாடு அது. மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை காலை 8 முதல் 11 வரை ஊரே தெருவைச் சுத்தம் செய்யும். 'உமுகாண்டா' என்பார்கள், அந்த நேரத்தில் கடை திறக்காது. பைக் டாக்ஸியில் ஒருவரைத்தான் ஏற்றுவார்கள், உங்களுக்கும் ஹெல்மெட் தருவார்கள். கம்பாலாவின் போடா-போடா பைக்குகளில் மூன்று பேர், நான்கு பேர் தொற்றிக்கொண்டு போவது சாதாரணம். அங்கே கைப்பையையும் போனையும் பறிகொடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 2024ஆம் ஆண்டின் ஊழல் குறியீட்டில் ருவாண்டாவுக்கு 100க்கு 57, உகாண்டாவுக்கு 26; மதிப்பெண் கூடினால் ஊழல் குறைவு என்று பொருள். லைசென்ஸ், பர்மிட் என்று அலையும்போது இந்த வித்தியாசம் தெரியும்.

ஆனால் ஐ.நா.வின் மனித வளர்ச்சிக் குறியீட்டில் இரண்டு நாடுகளும் அக்கம்பக்கம்தான். அதனால் பட்டியலை மூடிவைத்துவிட்டு வீட்டுக் கணக்கைப் பாருங்கள்.

முதலில் சம்பளம். சொன்ன தொகை பிடித்தம் போகவா, பிடித்தத்துக்கு முன்பா என்று எழுத்தில் கேளுங்கள். பிடித்தத்துக்கு முன் என்றால், இந்தச் சம்பளத்துக்கு இரு நாட்டிலும் வருமான வரியின் மேல் அடுக்கு 30 சதவீதம். அதற்கு மேல் ருவாண்டாவில் 2025 முதல் ஓய்வூதியத்துக்கு ஊழியர் பங்கு 6 சதவீதம், உகாண்டாவில் 5 சதவீதம். கணக்குப் போட்டால் கிகாலியில் கைக்கு வருவது ஏறக்குறைய 1,370 டாலர், கம்பாலாவில் 1,200. முந்நூறு டாலர் வித்தியாசம் நூற்று எழுபதாகச் சுருங்கிவிடுகிறது. சம்பளத்தை உள்ளூர்ப் பணத்தில் நிர்ணயிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள், குறிப்பாக ருவாண்டாவில். 2022 தொடக்கத்தில் டாலருக்குச் சுமார் 1,000 ஃப்ராங்க் இருந்தது, 2025இல் 1,400ஐத் தாண்டிவிட்டது. உகாண்டா ஷில்லிங் அதே காலத்தில் பெரும்பாலும் 3,500க்கும் 3,900க்கும் இடையிலேயே நின்றது.

அந்த நூற்று எழுபதைக் கிகாலி மளிகைக் கடை தின்றுவிடும். இரண்டுமே கடல் இல்லாத நாடுகள். மொம்பாசா துறைமுகத்தில் இறங்கும் பருப்பும் மசாலாவும் லாரியில் சுமார் 1,150 கிலோமீட்டர் வந்து கம்பாலாவை அடைகின்றன; கிகாலிக்கு இன்னும் 500 கிலோமீட்டர், இன்னொரு எல்லை. அந்த எல்லையில் 2019இல் மூடிய கத்துனா சாவடி 2022 ஜனவரியில்தான் மறுபடி திறந்தது. கம்பாலாவில் குஜராத்திக் குடும்பங்கள் தலைமுறைகளாக வியாபாரம் செய்கின்றன. 1972இல் இடி அமீன் ஆசியர்களை விரட்டியடித்தும், பின்னால் பலர் திரும்பிவந்தார்கள். கோயில், இந்திய மளிகை, நம் ஊர்க் காய்கறி எல்லாம் அங்கே எளிதாகக் கிடைக்கும்.

எனக்கு முக்கியமாகப் படுவது பெரியவனின் படிப்பு. மூன்று வருடத்தில் ஊர் திரும்புவீர்கள், அப்போது அவன் ஆறாம் வகுப்பு. கம்பாலாவில் இந்தியப் பாடத்திட்டப் பள்ளி உண்டு. கிகாலியின் சர்வதேசப் பள்ளிகள் பெரும்பாலும் கேம்பிரிட்ஜ், ஐபி போன்ற வெளிநாட்டுப் பாடத்திட்டம் அல்லது பிரெஞ்சு வழி. ஊருக்கு வந்ததும் இந்தியையும் சமூக அறிவியலையும் எட்டிப்பிடிக்கத் திணறுவான். பள்ளிக் கட்டணத்தைக் கம்பெனி தருமா என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தையாகச் சொல்லி, பிறகு கைவிரிப்பது இதைத்தான்.

ஆகவே உங்கள் குடும்பத்துக்குக் கம்பாலா. ஒரே நிபந்தனை, வீடு இருக்கும் இடம். கணவரின் ஆலை ஜிஞ்சா சாலையில் நமன்வே தொழிற்பேட்டையில் இருந்து, வீடு நகரத்தின் மறுகோடியில் அமைந்தால், மாலை நெரிசலில் தினமும் மணிக்கணக்காகப் போய்விடும். ஆலை, பள்ளி இரண்டையும் மேப்பில் குறித்து, இடையில் வீடு கேளுங்கள். காவலாளி, தண்ணீர்த் தொட்டி, இன்வெர்ட்டர் மூன்றும் இருக்க வேண்டும். மின்வெட்டு அடிக்கடி வரும். இவற்றைக் கம்பெனி தர மறுத்தால் கிகாலியையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஊர் சிறியது, விமான நிலையமே நகருக்குள். நீங்கள் குழந்தைகளோடு தனியாகத் தைரியமாக வெளியே போய்வரலாம், அதுவும் சின்ன விஷயமில்லை.

உங்கள் வேலை பற்றி: இரு நாட்டிலும் கணவரைச் சார்ந்து பெறும் பாஸில் வேலை பார்க்க முடியாது. பள்ளி உங்கள் பெயரில் தனி பர்மிட் எடுக்க வேண்டும். அதுவரை உங்கள் சம்பளத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

மலேரியா இரு ஊரிலும் உண்டு, அதிலும் மூளையைத் தாக்கக்கூடிய ஃபால்சிபாரம் வகை. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், அன்றே ரத்தப் பரிசோதனை. நால்வருக்கும் காப்பீடு வேண்டும். தேவைப்பட்டால் நைரோபிக்கோ இந்தியாவுக்கோ கொண்டுசெல்லும் செலவும் அதில் அடங்க வேண்டும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன் நால்வரும் போட்டுக்கொள்ளுங்கள். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்டதற்குச் சான்றாகத் தரும் மஞ்சள் அட்டையைப் பெட்டியில் வைக்காமல் பாஸ்போர்ட்டோடு கையில் வையுங்கள். கம்பாலாவுக்கான என்டெபே விமான நிலையத்தில் இறங்கும்போது கேட்பார்கள், விடுமுறைக்கு ஊர் வரும்போது நம் விமான நிலையத்திலும் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு.