தைராய்டு குறைந்தால் பிட்யூட்டரி ஏன் பெருக்கிறது?

தைராய்டு மிகவும் குறைந்த உங்கள் தங்கைக்கு எம்.ஆர்.ஐ. படத்தில் பிட்யூட்டரி பெருத்திருக்கிறது, அது கட்டியா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டியாக இல்லாமலும் இருக்கலாம்.

பிட்யூட்டரி, மூளையின் அடியில் இருக்கும், பட்டாணி அளவே உள்ள, சுமார் அரை கிராம் எடை கொண்ட சுரப்பி. தைராய்டு சுரக்கும் ஹார்மோனான தைராக்சின் ரத்தத்தில் குறைந்தால், மூளையின் ஹைப்போதலாமஸ் டி.ஆர்.எச். ஹார்மோனைக் கூடுதலாக அனுப்புகிறது. அது, தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். ஹார்மோனைச் சுரக்கும் பிட்யூட்டரி செல்களை விரட்டி வேலை வாங்குகிறது. 'போதும்' என்று தடுக்க வேண்டிய தைராக்சினோ இல்லை. இந்நிலை நீண்டகாலம் தொடர்ந்தால் அந்தச் செல்கள் எண்ணிக்கையிலேயே பெருகுகின்றன. சுரப்பி மேல்நோக்கிப் புடைத்து, பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்தைக்கூட அழுத்தலாம். தைராக்சின் மாத்திரையைத் தொடர்ந்து எடுத்தால் பெரும்பாலும் சில மாதங்களில் சுருங்கிவிடும். ஆகவே அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவதற்கு முன் டி.எஸ்.எச்., டி4 (தைராக்சின்) அளவுகளை மருத்துவர் பார்த்தாரா என்று அவசியம் கேளுங்கள்.

கர்ப்பகாலத்திலும் பிட்யூட்டரி பெருக்கும். அங்கே ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன், தாய்ப்பால் சுரக்க உதவும் புரோலாக்டினைச் சுரக்கும் செல்களைப் பெருக்குகிறது. சுரப்பிக்குள்ளேயே உருவாகும் வளர்ச்சிக் காரணிகள் அதற்குத் துணை நிற்கின்றன. மூளையிலிருந்து வரும் டோபமைன் என்ற வேதிப்பொருள்தான் புரோலாக்டின் செல்களுக்குக் கடிவாளம். டோபமைனைப் போலவே செயல்படும் கேபர்கோலின் மாத்திரை, புரோலாக்டின் கட்டிகளைப் பெரும்பாலும் கத்தியின்றியே சுருக்கிவிடுகிறது.