அண்ணை வருகிறார், நகை அடகுக்குப் போகிறது

கேள்வி: நான் கோண்டாவிலில் வசிக்கும் ஆசிரியை. 2016இல் எங்கள் வீட்டு ஹோலுக்கும் விறாந்தைக்கும் 2 அடிக்கு 2 அடி போர்சலின் ரைல்ஸ் பதித்தோம். மொத்தம் 560 சதுர அடி. இப்போது 14 ரைல் வெடித்துவிட்டது. சில கிளம்பி நிற்கின்றன, மினுக்கமும் போய்விட்டது. நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து அண்ணை குடும்பமாக வருகிறார். "நிலத்தை முழுக்க மாத்து, வந்து கணக்குப் பாப்பம்" என்கிறார். உடைத்துப் புதிதாகப் பதிக்க 7½ இலட்சம், மேலேயே 3டி எபொக்சி (படத்தின் மேல் ஊற்றும் பளபளப்பான பிசின் பூச்சு) ஊற்ற 3,36,000 என்று கொந்தராத்துக்காரர் சொல்கிறார். 2021 மார்கழியில் அண்ணை வந்தபோது கேற்றுக்கும் பெயின்ருக்குமாக 5 இலட்சத்துக்கு வைத்த நகை இன்னும் அடகில்தான். பவுண் விலை ஏறியதால் அதே நகைக்கு இன்னும் 7½ இலட்சம் தரலாமாம். எடுக்கலாமா? மாதம் 18,000 மிச்சம் பிடிக்க முடியும். சேமிப்பில் 1,60,000 உண்டு.

பதில்: எடுக்க வேண்டாம். உங்கள் வீட்டில் வெடித்திருப்பது 14 ரைல். அதைவிடப் பெரிய வெடிப்பு, அண்ணை வருகிறார் என்றதும் நகையைத் தூக்கிக்கொண்டு ஓடும் பழக்கம்.

நீங்கள் அனுப்பிய பற்றுச்சீட்டுகளைக் கூட்டிப் பார்த்தேன். முதல் வருடம் 11 வீதம், 55,000 ரூபாய். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி, மற்ற வங்கிகளின் வட்டிக்கு அடிப்படையான கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளி ஏற்றியது நினைவிருக்கும். அந்த மார்கழியில் நீங்கள் அடகைப் புதுப்பித்தபோது 24 வீதம், அதற்கு 1,20,000. அடுத்த வருடம் 15 வீதம், 75,000. வருகிற மார்கழியில் 13 வீதப்படி 65,000 கட்ட வேண்டும். ஆக 3,15,000 ரூபாய். கடன் தொகையில் ஒரு சதமும் குறையவில்லை. அண்ணை அந்தமுறை தந்த 2 இலட்சமும் வீட்டுச் செலவோடு கரைந்துவிட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவரைக் குற்றம் சொல்லவில்லை. "வந்து கணக்குப் பாப்பம்" என்றவருக்கு வட்டி ஓடுவது தெரியாது, நீங்களும் சொல்லவில்லை.

இப்போது இன்னும் 7½ எடுத்தால் கடன் 12½ இலட்சம். 13 வீதத்தில் வருட வட்டி 1,62,500, மாதத்துக்குப் பார்த்தால் சுமார் 13,500. உங்கள் 18,000இல் மிஞ்சுவது 4,500. அதைக் கொண்டு எந்தக் காலத்தில் நகையை மீட்பது? பவுண் விலை ஏறியதால் அடகில் கூடுதலாகக் கிடைப்பது இலாபமல்ல, கூடுதல் கடன். விலை இறங்கினாலும் அந்தக் கடன் இறங்காது.

சரி, நிலத்துக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய படத்தில் கிளம்பிய ரைலின் பின்பக்கம் துடைத்துவைத்த மாதிரிச் சுத்தமாக இருக்கிறது, நடுவிலும் நான்கு மூலையிலும் மட்டும் சீமெந்துக் கட்டி. போர்சலின் தண்ணீரை அநேகமாக உறிஞ்சாது, அரை வீதத்துக்கும் குறைவு. அதனால் வெறும் சீமெந்துப் பால் அதில் பிடிக்காது. ரைல்ஸ் பசை வேண்டும், அதுவும் முழு முதுகிலும். சுவரோரம் விரிவதற்கு இடைவெளி விடாததால் வெயில் காலத்தில் ஒன்றையொன்று தள்ளிக் கிளம்பியிருக்கும். வேலைக் குறைதான், 560 சதுர அடியும் கெட்டுப்போகவில்லை.

ஒரு 5 ரூபாய்க் குற்றியால் ஒவ்வொரு ரைலையும் தட்டுங்கள். கணீரென்றால் விடுங்கள். கோறைச் சத்தம் கேட்டால் சோக்கால் குறியுங்கள், அது உங்களிடம் எப்படியும் இருக்கும். கோறையாக இருந்தும் வெடிக்காதவற்றுக்கு ரைல்களுக்கு இடையிலான மூட்டில் சிறு துளை போட்டு எபொக்சிப் பசை ஏற்றலாம். வெடித்ததை மாற்றும்போது மேசன் முதலில் சுற்றி மூட்டுப் பூச்சை வெட்டி எடுக்கட்டும், பிறகு நடுவில் உடைத்து வெளிப்பக்கமாகச் செதுக்கட்டும். ஓரத்திலிருந்து நெம்பினால் பக்கத்து ரைலும் போய்விடும்.

2016இன் நிறம் இன்று கடையில் கிடைப்பது சந்தேகம். பழைய பெட்டி எதுவும் கொட்டிலில் கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் சோபாவுக்கும் அலுமாரிக்கும் கீழே கோறையாக இருப்பவற்றை முழுசாகக் கழற்றி நடுஹோலுக்குக் கொண்டு வாருங்கள். கோறை என்றால் உடையாமல் வர வாய்ப்பு அதிகம். நிறம் பொருந்தாத புதியது அலுமாரிக்குக் கீழே இருக்கட்டும்.

மினுக்கம் போனதற்குப் பாதிக் காரணம் உங்கள் கிணறு. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் தண்ணீரால் கழுவிக் கழுவி வெண்படலம் படியும். தண்ணீர் கலந்த வினாகிரியை ஒரு மூலையில் தேய்த்துப் பாருங்கள். கடை அசிட் வேண்டாம், மூட்டுச் சீமெந்தை அரித்துவிடும். கிறைண்டர் போட்டு மினுக்குகிறேன் என்று எவரும் வந்தால், வெடித்த துண்டின் ஓரத்தைப் பாருங்கள். நிறம் மேல்தோலில் மட்டும் இருந்தால் மினுக்க மினுக்கப் பூவேலை போய்விடும்.

3டி எபொக்சி? கடல் படமும் மீனும் முகநூலில் நன்றாகத்தான் இருக்கிறது. வழுவழுப்பான ரைலை உரசிக் கரடாக்காமல் ஊற்றினால் உரிந்து வரும், விறாந்தை வெயிலில் மஞ்சளாகும், கோறை ரைல் அடியில் அசைந்தால் மேலே கீறலாகும். 3,36,000 கொடுத்துப் பழுதை மூடி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ஏறத்தாழக் கணக்கு: 14 ரைலுக்கு, பசையும் கூலியும் சேர்த்து ஒன்று 5,000 என்றால் 70,000. பசை ஏற்றப் பத்து இடம், 15,000. மூட்டுப் பூச்சும் கழுவலும் 30,000. எதிர்பாராததுக்கு 15,000. மொத்தம் 1,30,000, சேமிப்பிலேயே முடியும்.

மாதம் 18,000ஐ அப்படியே அடகுக்குக் கட்டுங்கள். 13 வீதம் மாறாவிட்டால், இதுவரை ஏறிய வட்டியைத் தவிர்த்துப் பார்த்தால், சுமார் 33 மாதத்தில் 5 இலட்சமும் தீரும். பகுதி பகுதியாக ஏற்பார்களா என்று கேட்டுவிட்டு, மார்கழியில் புதுப்பிக்கும்போது ஒரே அடகுச் சீட்டில் வைக்காமல் காப்பு, அட்டியல், சங்கிலி என்று தனித்தனிச் சீட்டாக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றாக வீட்டுக்கு வரும்.

அண்ணையிடம் இந்தக் கணக்கை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், 3,15,000 வட்டியையும் சேர்த்து. முழுக்க மாற்றத்தான் வேணும் என்று நின்றால் ரைல்ஸ் கடையின் வங்கிக் கணக்கு இலக்கத்தைக் கொடுங்கள். காசு கடைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு மேசனைக் கூப்பிடலாம்.