வெஸ்ட் இண்டீஸுக்குத் தலைநகரம் எது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

டிவியில் வெஸ்ட் இண்டீஸ் டெஸ்ட் ஓடிக்கொண்டிருந்தபோது, "இந்த நாட்டுக்குத் தலைநகரம் எது?" என்று என் மகன் கேட்டான். அது நாடே இல்லை என்றேன், நம்பவில்லை. வெள்ளைக்காரன் போய் அறுபது வருடம் ஆகிறது. ஆனால் அவர்கள் பேசுவது ஆங்கிலம், கும்பிடுவது கிறிஸ்துவை, ஆடுவது கிரிக்கெட். சொந்தமாக என்னதான் மிச்சம்? நமக்கு இருப்பதுபோல் பழைய வேர் இல்லாததுதான் காரணமா? அப்புறம், அந்த அணியில் வீராசாமி பெர்மால் என்று ஒருவர் ஆடினாரே, அவர் எப்படி அங்கே போனார்?

செந்தில்வேல், தென்காசி

அன்புள்ள செந்தில்வேல்,

உங்கள் மகன் கேட்ட தலைநகரம் நான்கு வருடம் இருந்தது. 1958-இல் கரீபியன் கடலில் பிரிட்டனுக்குக் கீழ் இருந்த பத்துத் தீவு அரசுகள் சேர்ந்து வெஸ்ட் இண்டீஸ் கூட்டாட்சி என்று ஒன்று அமைந்தது. தலைநகரம் போர்ட் ஆஃப் ஸ்பெயின். 1961-இல் ஜமைக்கா வாக்கெடுப்பு நடத்தி வெளியேற முடிவெடுத்தது. பத்தில் ஒன்று போனால் மிச்சம் பூஜ்ஜியம் என்று ஒரு புதுக்கணக்கைச் சொல்லிவிட்டு டிரினிடாட்டின் தலைவர் எரிக் வில்லியம்ஸும் கழன்றுகொண்டார். 1962 மே மாதத்தோடு கூட்டாட்சி கலைந்தது. எல்லோருக்கும் பொதுவான கிரிக்கெட் அணி அதற்கு முன்பும் இருந்தது, இன்றும் இருக்கிறது. தேசிய கீதம் கிடையாது என்பதால் காலிப்சோ என்ற அந்த ஊர் மெட்டில் ஒரு பாட்டைப் போடுகிறார்கள்.

ஏன் சேர முடியவில்லை? பெரிய தீவு சின்னத் தீவுக்குச் சோறு போட வேண்டுமா என்ற சண்டை உண்டு. ஆனால் காலனியம் விட்டுப்போன மிகப் பெரிய சொத்து, பக்கத்து வீட்டைத் தூரமாக்கியதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒவ்வொரு தீவின் சர்க்கரையும் நேராக ஐரோப்பாவுக்குப் போனது. பக்கத்துத் தீவு அதே சரக்கை விற்கும் போட்டிக் கடை, அவ்வளவுதான். செயின்ட் லூசியாவைப் பாருங்கள். பிரிட்டனும் பிரான்சும் பதினான்கு முறை கைமாற்றிக்கொண்ட தீவு. கடைசியில் 1814-இல் பிரிட்டனுக்குப் போனது. அரசு மொழி ஆங்கிலம், வீட்டிலும் சந்தையிலும் இன்றும் பிரெஞ்சு வழி வந்த கிரியோல் என்ற கலப்பு மொழி. வானம் தெளிவாக இருந்தால் வடகரையிலிருந்து பக்கத்துத் தீவான மார்ட்டினிக் கண்ணுக்குத் தெரியும். அங்கேயும் கிட்டத்தட்ட அதே பேச்சுதான். ஆனால் மார்ட்டினிக் 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம், செலாவணி யூரோ. செயின்ட் லூசியா 1979 முதல் சுதந்திர நாடு, அதன் தலைவர் இன்றும் இங்கிலாந்து மன்னர்.

வெள்ளைக்காரன் போய்விட்டான் என்கிறீர்கள். ஜமைக்காவில் ஒரு வழக்கின் கடைசி மேல்முறையீடு இன்றும் லண்டனில் உள்ள பிரிவி கவுன்சிலுக்குத்தான் போகிறது. அடிமை முறையை ஒழித்தபோது பிரிட்டன் 2 கோடி பவுண்டு நஷ்ட ஈடு கொடுத்தது, அதுவும் முதலாளிகளுக்கு! அதற்கு வாங்கிய கடனின் கடைசிப் பாக்கி 2015-இல்தான் அடைந்தது. அதுவரை, பிரிட்டனுக்குப் பிழைக்கப் போன ஜமைக்காக்காரர்கள் கட்டிய வரியும் அந்தக் கடனுக்குத்தான் போயிருக்கிறது.

வேர் விஷயத்தில் உங்களோடு எனக்கு உடன்பாடில்லை. நம் ஊருக்கு வெள்ளைக்காரன் வந்தபோது இங்கே ஏற்கெனவே ஒரு சமூகம் இருந்தது. அங்கே பூர்வகுடிகளில் பெரும்பாலோரை அழித்துவிட்டு, ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்களைப் பிடித்துவந்து, கரும்புத் தோட்டத்தைச் சுற்றிச் சமூகத்தையே புதிதாக உண்டாக்கினார்கள். திரும்பிப் போக ஒரு பழைய காலம் அவர்களுக்குக் கிடையாது. கையில் கிடைத்ததை வைத்துத்தான் செய்தாக வேண்டும். ஜமைக்காவின் தேசிய உணவு ஆக்கியும் உப்பு மீனும். ஆக்கி மேற்கு ஆப்பிரிக்கப் பழம். உப்பு மீன், அடிமைகளுக்கு மலிவாகப் போட வட அட்லாண்டிக்கிலிருந்து இறக்கியது. இரண்டையும் வெங்காயம், மிளகாயோடு வதக்கிச் சேர்த்தது ஜமைக்காக்காரர்கள்.

டிரினிடாட்டின் ஸ்டீல்பேன் என்ற இரும்பு வாத்தியத்தின் கதை இன்னும் அழகு. 1880களில் காலனி அரசு மேளம் கொட்டத் தடை போட்டது. சரி என்று மூங்கிலை வெட்டித் தரையில் தட்டினார்கள். பிறகு பிஸ்கட் டின், பெயிண்ட் டப்பா. 1940களில் எண்ணெய் பீப்பாய் கைக்கு வந்தது. அடிப்பக்கத்தைச் சுத்தியலால் குழிவாக அடித்து இறக்கி, ஒவ்வொரு சுரத்துக்கும் இடம் பிரித்து, தீயில் வாட்டி எடுப்பார்கள். சேரிப் பையன்களின் ரவுடித்தனம் என்று போலீஸ் துரத்திய வாத்தியம் அது. நாட்டுச் சின்னத்திலிருந்து கொலம்பஸின் மூன்று கப்பல்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஸ்டீல்பேனை வைக்கப்போவதாக 2024-இல் அரசு அறிவித்தது. கிரிக்கெட்டும் இப்படித்தான். 1928 முதல் டெஸ்ட் ஆடிய அணிக்கு, ஒரு முழுத் தொடருக்கும் கறுப்பர் ஒருவர் தலைவராக 1960 ஆகவேண்டியிருந்தது, ஃபிராங்க் வொரெல். இரவல் ஆட்டத்துக்காக அவ்வளவு காலம் யாரும் மல்லுக்கட்ட மாட்டார்கள்.

பெர்மால் கயானாக்காரர். கயானா தீவு இல்லை, தென் அமெரிக்க நிலப்பகுதி. 1838 முதல் 1917 வரை சுமார் 2,39,000 இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கொண்டுபோனார்கள். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறியவர்கள், ஒரு சிறு பகுதி மதராஸில். கயானாவின் பெர்பீஸ் பக்கம் மாரியம்மன் வழிபாடு இன்றும் நடக்கிறது, வீட்டில் தமிழ் பேச ஆளில்லை. நீங்கள் சொல்லும் பழைய வேரோடு போனவர்களும் அங்கே கயானாக்காரர்களாகத்தான் ஆனார்கள். மகனிடம் ரோகன் கன்ஹாயையும் ஆல்வின் காளிச்சரணையும் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். கூலிகளாகப் போன இந்தியர்களின் வம்சம், பெர்பீஸில் போர்ட் மூரண்ட் என்ற ஒரே கரும்புத் தோட்டத்து ஊர். இருவருமே வெஸ்ட் இண்டீஸ் கேப்டனாக இருந்தவர்கள்.