பையனுக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு அண்ணனுக்கு ஏன் இல்லை?

கேள்வி: என் அண்ணனுக்கு ஏ.எம்.எல். வகை ரத்தப் புற்று, கீமோ நடக்கிறது. உடம்பில் உள்ள அழற்சி புற்றணுக்களை வளர்க்கும் என்று படித்தேன். பக்கத்துக் கட்டிலில் ஏ.எல்.எல். என்ற வேறு வகை ரத்தப் புற்று வந்த பையனுக்கு ஸ்டீராய்டு கொடுக்கிறார்கள், அண்ணனுக்கு இல்லை. அழற்சி குறைய வலி மாத்திரையாவது நாங்களே கொடுக்கலாமா டாக்டர்? (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்: கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொடுக்காதீர்கள் அம்மா. ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன் போன்றவை, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களின் வேலையைக் கெடுக்கும். உங்கள் அண்ணனுக்குத் தட்டணு ஏற்கெனவே குறைவாக இருக்கும். ரத்தக்கசிவு தொடங்கினால் நிறுத்துவது கடினம். அதோடு இந்த மாத்திரைகள் காய்ச்சலையும் மறைத்துவிடும். கீமோவில் வெள்ளணு இறங்கியிருப்பவருக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தாலே அவசரம், நடுராத்திரியானாலும் டாக்டருக்குச் சொல்ல வேண்டும். பாரசிட்டமால்கூட அவரைக் கேட்டுத்தான்.

சரி, அழற்சிக்கு வருவோம். நீங்கள் படித்தது பொய் இல்லை. தொற்று வந்தால் நோய் எதிர்ப்பு அணுக்கள் இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6, டி.என்.எஃப். போன்ற புரதங்களை வெளிவிடும். ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜைக்கு அது, ‘வெள்ளணு வேண்டும், சீக்கிரம்’ என்ற செய்தி. தீவிரத் தொற்று உள்ளவரின் ரத்த ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் இது கண்ணுக்கே தெரியும்: முதிராத வெள்ளணுக்கள் முண்டியடித்து வெளியே வந்திருக்கும், முதிர்ந்தவற்றுக்குள் கருநீலத் துகள்கள் நிறைந்திருக்கும். எண்ணிக்கை 50,000-ஐத் தாண்டுவதும் உண்டு. குடும்பமே பயந்துபோகும். ஆனால் எல்லா வயது அணுக்களும் அதில் வரிசையாக இருக்கும். தொற்று அடங்கியதும் எண்ணிக்கை தானாக இறங்கிவிடும். ஏ.எம்.எல். ஸ்லைடில் அந்த வரிசை இருக்காது. வளராத பெரிய பிளாஸ்ட் அணுக்களே கூட்டமாக நிற்கும், சிலவற்றுக்குள் மெல்லிய சிவப்புக் குச்சி ஒன்று தெரியும்.

அழற்சி ஓயாமல் நீடித்தால் ரத்த அணுக்களுக்கெல்லாம் மூலமான நல்ல ஸ்டெம் செல்கள் சோர்ந்துவிடும். டெட்-2 போன்ற மரபணு கெட்ட செல்கள் அப்படிச் சோர்வதில்லை. அதே சூழலில் அவை பெருகி, வருடக்கணக்கில் மஜ்ஜையில் இடம் பிடித்துக்கொண்டே போகும். எனக்குக் கவலை தருவது இந்த இடம்தான்.

செல்லுக்குள்ளும் சிக்னல் கெடும். என்.எஃப்.-கப்பா-பி என்ற புரதம் வழக்கமாகக் கட்டுண்டு கிடக்கும். டி.என்.எஃப். போன்ற செய்தி வந்து தொட்டால்தான் அவிழ்ந்து, உட்கருவுக்குள் போய், ‘சாகாதே’ என்று சொல்லும் மரபணுக்களை இயக்கும். ஏ.எம்.எல். ஸ்டெம் செல்கள் பலவற்றில் தொற்று இல்லாமலே அது இயங்கிக்கொண்டிருக்கும். அப்புறம் எஃப்.எல்.டி.-3. அணுவின் மேற்பரப்பில் இருந்து செய்தி வாங்கும் இந்த ஏற்பி, ஏ.எம்.எல். நோயாளிகளில் சுமார் 30 சதவீதத்தினரிடம் கெட்டிருக்கும். அவர்களில் பெரும்பாலோரிடம் அது யாரும் அழுத்தாமலே அடித்துக்கொண்டிருக்கும் அழைப்பு மணி. அதை அடக்கும் மிடோஸ்டாரின் என்ற மருந்து 2017-இலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அண்ணனுக்கு இந்தப் பரிசோதனை செய்தார்களா, முடிவு என்ன என்று கேளுங்கள்.

அப்படியானால் அழற்சியை மொத்தமாக அணைத்துவிடலாமே என்று தோன்றும். தொற்றோடு போராடவும் அதே சிக்னல்கள்தான் வேண்டும். வெள்ளணு இல்லாத நாட்களில் அண்ணனுக்குப் பெரிய ஆபத்தே தொற்றுதான். கெட்ட சிக்னலை மட்டும் அடைத்தால் போதாதா என்றால், சி.எம்.எல். என்ற இன்னொரு ரத்தப் புற்றில் பி.சி.ஆர்.-ஏ.பி.எல். என்ற ஒரே கெட்ட சிக்னல்தான் நோயை நடத்துகிறது. 2001-இல் வந்த இமாடினிப் மாத்திரை அதை அடைத்ததும் நோயின் போக்கே மாறியது. ஏ.எம்.எல்.லில் பெரும்பாலும் பல மரபணுக் கோளாறுகள் சேர்ந்திருக்கும். ஒரு வழியை அடைத்தால் செல் வேறு வழி தேடும்.

அந்தப் பையனின் ஸ்டீராய்டு அழற்சிக்காகக் கொடுப்பது இல்லை. அவனுடைய புற்று, லிம்ஃபாய்டு என்ற வெள்ளணு வகையில் வந்தது. அந்த அணுவுக்குள் போனால் ஸ்டீராய்டு அந்த அணுவையே தன்னைத்தானே அழித்துக்கொள்ள வைக்கும். அங்கே அது நேரடியான புற்று மருந்து. அண்ணனுடையவை மைலாய்டு என்ற வேறு வகை அணுக்கள். ஸ்டீராய்டுக்கு அப்படி மடிவதில்லை. கொடுத்தால் தொற்று வரும் வாய்ப்புதான் கூடும். வைத்தியத்தில் எதையோ விட்டுவிட்டார்கள் என்று நினைத்து வருந்தாதீர்கள்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது, சின்ன அறிகுறியையும் அலட்சியம் செய்யாமல் இருப்பது. ஈறு வீக்கம், வாய்ப்புண், ஊசிக்குழாய் போட்ட இடத்தில் சிவப்பு, மலம் கழிக்கும்போது வலி: இதில் எது வந்தாலும், கூச்சப்படாமல் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.