குளிருக்கு ஒரு கலர் ஜெர்கின்: கேள்விகளும் பதில்களும்

மார்கழி நெருங்குகிறது. ஊட்டிக்குப் போகிறவர்கள், வடக்கே படிக்கும் பிள்ளைக்குத் தைத்து அனுப்புகிறவர்கள், விடியற்காலையில் கோலம் போடுகிறவர்கள் என்று பலரும் ஸ்வெட்ஷர்ட் துணியில் ஜெர்கின் தைப்பது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைக்கிறேன். பனியன் ரகத் துணிகளில் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. ஒரே ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த உடையில் சில இடங்கள் நன்றாக இழுபட வேண்டும், சில இடங்கள் துளிகூட இழுபடக் கூடாது. கேட்டிருக்கும் பாதிக் கேள்விகளுக்கு விடை இதிலேயே இருக்கிறது.

அக்கா, பையன் டில்லியில் காலேஜ் சேர்ந்திருக்கிறான். ஜிப் வைத்து ஒரு ஜெர்கின் தைக்க ஆசை. என்ன துணி வாங்குவது, எவ்வளவு வாங்குவது? (பெரம்பூர்)

டில்லி என்றால் கனமாகவே போங்கள். ஜனவரியில் நம் ஊர் விடியற்காலை 20 டிகிரியை ஒட்டி இருக்கும்; அங்கே இரவில் 7 டிகிரிக்குக் கீழேயும் இறங்கும்.

கடையில் இரண்டு ரகம் காட்டுவார்கள். ஒன்று லூப் நிட். வெளிப்பக்கம் வழவழப்பாக, உள்பக்கம் சின்னச் சின்ன வளையமாக இருக்கும். இன்னொன்று அதே வளையங்களைச் சுரண்டிப் பஞ்சாக எழுப்பிய ஃப்ளீஸ். அந்தப் பஞ்சுக்குள் காற்று தங்கும்; நமக்குக் கதகதப்பைத் தருவது அந்தக் காற்றுதான். டில்லிக்கு 300 ஜிஎஸ்எம் ஃப்ளீஸ் கேளுங்கள். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். சாதாரண டீ ஷர்ட் 160, 180 என்று இருக்கும், அதிலிருந்து கனத்தைப் புரிந்துகொள்ளலாம். சென்னையில் மட்டும் போட என்றால் 220, 240 லூப் நிட் போதும். அதற்கு மேல் போனால் பீரோவில்தான் தூங்கும்.

திருப்பூர் துணியைப் பல கடைகளில் கிலோ கணக்கில் கொடுப்பார்கள். 72 இஞ்ச் அகலத்தில் 280 ஜிஎஸ்எம் துணி ஒரு கிலோ வாங்கினால் ஏறக்குறைய 1.95 மீட்டர் வரும். மார்பு 38, 40 உள்ளவருக்குத் தொப்பி இல்லாத ஜெர்கினுக்கு 2 மீட்டர் தாராளம், தொப்பி வைத்தால் அரை மீட்டர் கூடுதல். உடையின் சுற்றளவு மார்பு அளவைவிட 6 முதல் 8 இஞ்ச் அதிகம் இருக்கட்டும், உள்ளே சட்டை போடுவான் அல்லவா? வெட்டும்போது துணி எந்தப் பக்கம் அதிகம் இழுபடுகிறதோ, அந்தப் பக்கம் உடம்பைச் சுற்றி வர வேண்டும்.

ரிப்பை மறக்காதீர்கள். கழுத்துக்கும் மணிக்கட்டுக்கும் இடுப்புக்கும் வைக்கும் வரிவரியான துணி அது. என்னைக் கேட்டால், பாடி துணியில்கூட விட்டுக்கொடுக்கலாம், ரிப்பில் விட்டுக்கொடுக்கக் கூடாது. லைக்ரா கலந்ததாகக் கேளுங்கள். 10 சென்டிமீட்டரை 15 வரை இழுத்து விடுங்கள். மறுபடி 10க்கே வந்து நிற்க வேண்டும். 11இல் நின்றால் அந்த ரிப் இரண்டு மாதத்தில் தொங்கிவிடும்.

கோடவுன் தெருவில் மொத்தமாக எடுப்பவர்களோடு சேர்ந்து வாங்கினால் விலை இறங்கும். ஒரே ஒரு ஜெர்கினுக்கு எம்.சி. ரோடு பக்கமே பாருங்கள். எங்கே வாங்கினாலும் வெட்டும் முன் துவைத்துக் காயவையுங்கள். பருத்தித் துணி நீளத்தில் நன்றாகவே சுருங்கும்.

என்னிடம் கால் மெஷின்தான் இருக்கிறது, நேர்த்தையல் மட்டும்தான் வரும். ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் கிடையாது. தைக்க முடியுமா, இல்லை ஆசையை விட்டுவிடவா? (வியாசர்பாடி)

விடாதீர்கள்மா, கட்டாயம் முடியும்.

முதலில் ஊசியை மாற்றுங்கள். சாதாரண ஊசியின் கூர்முனை பின்னலின் நூலை அறுத்துவிடும். துவைத்த பிறகு தையல் ஓரத்தில் பொட்டுப் பொட்டாக ஓட்டை தெரிவதற்குக் காரணம் அதுதான். பால் பாயிண்ட் ஊசி வாங்குங்கள், கனத் துணிக்கு 14ஆம் நம்பர். அதன் முனை மழுங்கலாக இருப்பதால் நூலை விலக்கிக்கொண்டு இறங்கும். தையல் விட்டு விட்டுப் போகும் தொல்லையும் பெரும்பாலும் இதிலேயே தீரும். நூல் பாலியெஸ்டராக இருக்கட்டும். பருத்தி நூலுக்கு இழுவை குறைவு, பட்டென்று அறும்.

அடுத்தது அழுத்தம். கறுப்பு மெஷின்களில் தலைக்கு மேலே ஒரு திருகு இருக்கும், அதைக் கொஞ்சம் தளர்த்தினால், ஊசிப் பக்கம் துணியை அழுத்திப் பிடிக்கும் இரும்புக் காலடி அழுந்துவது குறையும். அழுத்தம் அதிகமாக இருந்தால் மேல் துணி முன்னால் தள்ளப்பட்டு ஓரம் அலை அலையாக வரும். அப்போதும் சரியாகவில்லை என்றால் துணிக்கு அடியில் பட்டர் பேப்பர் பட்டை ஒன்றை வைத்துத் தைத்துவிட்டு அப்புறம் கிழித்து எடுங்கள்.

பக்கத் தையல், கைத் தையல் எல்லாம் நேர்த்தையலில் தாங்கும், கால் இஞ்ச் தள்ளி இரண்டாவது வரி ஓட்டினால் போதும். துணியைப் பின்னாலிருந்து இழுக்காதீர்கள், மெஷின் தன் வேகத்தில் கொண்டுபோகட்டும். ரிப்பில் மட்டும் இதற்கு நேர்மாறு. 44 இஞ்ச் அடிச்சுற்றுக்கு 35 இஞ்ச் ரிப், 10 இஞ்ச் கைவாய்க்கு எட்டு இஞ்சுக்குக் கொஞ்சம் குறைவாக. இரண்டையும் நாலு பாகமாக மடித்துக் குறி போட்டு, குறியோடு குறியைச் சேர்த்துக் குத்தி, ரிப்பை மட்டும் இழுத்துப் பிடித்துத் தையுங்கள். இழுத்த நிலையில் தைப்பதால் தையலுக்கும் அந்த நீளம் கிடைத்துவிடுகிறது. போடும்போது அறாது.

ஓரம் பிசிறு விடுமோ என்ற பயம் வேண்டாம். இந்தத் துணி நெய்த துணி மாதிரி பிரிந்து வராது.

அக்கா, ஒரே கலரில் போர் அடிக்கிறது. கட் பீஸ்களை வைத்து நாலைந்து கலரில் தைக்கலாமா? சாயம் ஒன்றில் ஒன்று ஏறிவிடாதா? (கொருக்குப்பேட்டை)

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்! நாலைந்து கலர் சேர்ந்த ஜெர்கின் மாதிரி முகத்துக்கு வெளிச்சம் கொடுக்கும் குளிர் உடை கிடையாது. கடைகளில் தொங்குவதெல்லாம் கறுப்பும் சாம்பலும்தான்.

கலரைவிட எடைக்கு முதலிடம் கொடுங்கள். எல்லாத் துண்டும் ஒரே ஜிஎஸ்எம், ஒரே ரகமாக இருக்க வேண்டும். கனமான துண்டோடு மெல்லிய துண்டைச் சேர்த்தால் மெல்லியது இழுபட்டு முழங்கைப் பக்கம் பையாகத் தொங்கும். தோள் ஒரு கலர், மார்பு ஒரு கலர், கை இரண்டும் வேறு வேறு கலர் என்று பெரிய பாகங்களாகப் பிரியுங்கள். சின்னச் சின்னத் துண்டாக ஒட்டினால் ஒவ்வொரு தையலும் தடித்து, துணி வளைந்தே கொடுக்காது. எனக்குப் பிடித்த சேர்க்கை கடுகு மஞ்சள், கிளிப்பச்சை, ராமர் நீலம், மாம்பழ ஆரஞ்சு. ரிப் மட்டும் எல்லா இடத்திலும் ஒரே அழுத்தமான கலர், அரக்கோ கருநீலமோ. அது எல்லாவற்றையும் கட்டிப் பிடித்துக்கொள்ளும்.

சாயத்துக்கு வருவோம். ஒவ்வொரு கலரின் மூலையையும் நனைத்து, வெள்ளைத் துணிக்கு நடுவே வைத்து இஸ்திரி போட்டுப் பாருங்கள். வெள்ளையில் கறை இறங்கினால் அந்தத் துண்டைத் தனியாக, தண்ணீர் தெளிகிற வரை அலசுங்கள். அரக்கும் கருநீலமும்தான் அதிகம் விடும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று நம் தெருவில் எல்லோரும் சொல்வார்கள். சாயம் ஏற்றும் நேரத்தில் உப்பு உதவும். ஏற்றி முடித்து வந்த துணியில் ஒட்டாமல் மிஞ்சியிருக்கும் சாயத்தை அலசித்தான் வெளியேற்ற வேண்டும்.

நம் மெட்ராஸ் செக்ஸ் துணி 1950களின் கடைசியில் அமெரிக்காவுக்குப் போய், துவைக்கத் துவைக்கச் சாயம் விட்டது. அங்கே அதையே அந்தத் துணியின் சிறப்பாகச் சொல்லி விற்றார்கள். கைலிக்கு அந்த அழகு பொருந்தும், மஞ்சள் கையில் அரக்குக் கறை பொருந்தாது.

பழைய கைலியை லைனிங்காக வைக்கலாமா? அப்பா கட்டியது, தூக்கிப்போட மனம் வரவில்லை. (ராயபுரம்)

தொப்பியின் உள்பக்கத்துக்கும் பாக்கெட் உள்பைக்கும் வையுங்கள், அற்புதமாக இருக்கும். தொப்பியைப் பின்னால் தள்ளும்போது அந்தக் கட்டம் தெரியும். பாடி முழுவதற்கும் வேண்டாம். நெய்த துணி இழுபடாது, வெளியே ஃப்ளீஸ் இழுபடும்போது உள்ளே கைலி பிடித்து நிறுத்தும். கையைத் தூக்கினால் அக்குளில் கிழியும், அப்பாவின் கைலிக்கு அது வேண்டாம்.

ஜிப் வைத்த இடம் பாம்பு மாதிரி நெளிகிறது. இரண்டு முறை பிரித்துத் தைத்தும் அதே கதை. (தண்டையார்பேட்டை)

இழுபடக் கூடாத இடம் என்றேனே, அது இதுதான். ஜிப் நாடா நீளாது, முன் ஓரத் துணி நீளும். தைக்கும்போது துணி அரை இஞ்ச் நீண்டாலும் அந்த அரை இஞ்ச் நெளிவாக நிற்கும்.

முன் ஓரத்தின் உள்பக்கம் ஒரு இஞ்ச் அகலத்துக்கு ஒட்டுக் கேன்வாஸ் பட்டையை இஸ்திரியால் ஒட்டுங்கள். பட்டையின் நீளத்தைத் துணியில் அளக்காமல் பேப்பர் கட்டிங்கில் அளந்து வெட்டுங்கள், துணி ஏற்கெனவே நீண்டிருக்கலாம். ஜிப்பைத் திறந்து, இரண்டு பக்கத்திலும் நாலு நாலு குறி. முதலில் கையால் ஓட்டுத்தையல் போட்டு, மூடிப் பார்த்து, ரிப்பும் கலர் மாறும் கோடும் இரு பக்கமும் நேராக வந்தால்தான் மெஷினுக்குப் போக வேண்டும். இரண்டு பக்கத்தையும் கீழிருந்து மேலாகவே தையுங்கள். ஒன்றை மேலிருந்தும் ஒன்றைக் கீழிருந்தும் தைத்தால் ஒன்று ஏறி ஒன்று இறங்கும்.

தைத்தபோது சரியாக இருந்து முதல் துவைப்பில் நெளிந்தது என்றால், துணியைத் துவைக்காமல் வெட்டியிருப்பீர்கள். துணி சுருங்கியிருக்கும், ஜிப் சுருங்கியிருக்காது. அதற்கு ஜிப்பைப் பிரித்து, சுருங்கிய நீளத்துக்குச் சின்ன ஜிப்பாக மாற்றுவதுதான் வழி.

தோள் இறங்கி இறங்கிக் கை நீளமாகிவிடுகிறது, ஏன்? (திருவொற்றியூர்)

முழு உடையின் பாரமும் தோள் தையலில்தான் தொங்குகிறது. அந்தத் தையலோடு சேர்த்துப் பருத்தி நாடா ஒன்றை வைத்துத் தையுங்கள், பின்கழுத்துக்கும் அப்படியே. ஹேங்கரில் மாட்டாதீர்கள், மடித்து வையுங்கள்.

எங்கள் வீட்டுக்காரர் விடியற்காலையில் கடலுக்குப் போகிறவர். அவருக்கு நல்ல கனமான காட்டன் ஃப்ளீஸில் தைத்துக் கொடுக்கலாமா? (காசிமேடு)

காட்டன் வேண்டாம் தங்கச்சி. தண்ணீர் பட்டால் பருத்தி குடித்துக்கொள்ளும், கனக்கும், பஞ்சுக்குள் இருந்த காற்று போய்க் குளிர் கூடும். படகில் காய்வதற்கும் நேரமாகும். போலார் ஃப்ளீஸ் என்று கேளுங்கள், முழுக்கப் பாலியெஸ்டர். அது தண்ணீரை அதிகம் இழுக்காது, உதறினாலே பாதி போய்விடும். மேலே மழைக்கோட்டு போட்டுக்கொள்ளட்டும், ஃப்ளீஸுக்குக் காற்றைத் தடுக்கத் தெரியாது.

ஜிப் கட்டாயம் பிளாஸ்டிக் பல் உள்ளதாக இருக்கட்டும். உப்புக் காற்றில் உலோகப் பல் பூத்து ரன்னர் சிக்கிக்கொள்ளும். இன்னொன்று, பாலியெஸ்டர் நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டும். படகில் அடுப்பு மூட்டும்போது கழற்றி வைக்கச் சொல்லுங்கள். இதை அவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

மூன்று வயதுப் பேத்திக்குத் தொப்பியில் நாடா கோத்து, குஞ்சம் வைத்து... (எண்ணூர்)

குஞ்சத்தைத் தொப்பியின் உச்சியில் அழுத்தமாகத் தைத்துவிடுங்கள். நாடா வேண்டவே வேண்டாம். சறுக்குமரத்திலோ வண்டியிலோ மாட்டினால் கழுத்தை இறுக்கிவிடும். ஐரோப்பாவில் சின்னக் குழந்தைகளின் தொப்பியில் நாடா வைக்கவே கூடாது என்று பாதுகாப்பு விதி இருக்கிறது. தொப்பி ஓரத்தில் ரிப் வைத்தால் தானாகவே முகத்தோடு நிற்கும்.

துவைத்துத் துவைத்து வெளியே பஞ்சு உருண்டு நிற்கிறது. கோடையில் எடுத்து வைத்தால் பூஞ்சை வேறு. (மாதவரம்)

உள்பக்கத்தை வெளியே திருப்பி, பச்சைத் தண்ணீரில் துவையுங்கள். ஜிப்பை மூடி வையுங்கள், திறந்த பல் துணியை உரசும். பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டாம். உருண்ட பஞ்சைக் கையால் பிய்த்தால் இன்னும் நூல் வெளியே வரும், சின்னக் கத்தரியால் நறுக்குங்கள்.

பூஞ்சைக்குக் காரணம் ஈரம். ஃப்ளீஸ் வெளியே காய்ந்த மாதிரி இருக்கும், ரிப்பும் அக்குளும் உள்ளே ஈரமாகவே இருக்கும். உள்பக்கம் வெளியே தெரிய நிழலில் ஒரு நாள், மறுநாள் கொஞ்சம் வெயில். பிளாஸ்டிக் கவரில் கட்டாதீர்கள், பழைய பருத்தித் தலையணை உறைக்குள் மடித்து வைத்து, இடையில் ஒரு முறை எடுத்துக் காற்றாட விடுங்கள்.