கண் தமனி அடைப்பு: வாசகர் கேள்விகளுக்கு பதில்

அப்பாவுக்கு வயது 62. சர்க்கரை, பிரஷர் உண்டு. இடது கண் திடீரென்று இருண்டது. வலி இல்லையே என்று மூன்று நாள் சொட்டு மருந்து விட்டோம். இப்போது விழித்திரைக்கு ரத்தம் தரும் மையத் தமனியில் அடைப்பு என்கிறார்கள். பார்வை திரும்புமா?

வலி இல்லாமல் ஒரு கண் இருள்வதுதான் இதன் அடையாளமே. ரத்தம் அடியோடு நின்றால் விழித்திரை ஒன்றரை மணி நேரம் தாங்கும். நான்கு மணி நேரத்தில் பெரும்பகுதி செத்துவிடும். முதல் வாரத்துக்குள் ஓரளவு தேறுபவர்கள் உண்டு. படிக்கிற அளவுக்குப் பார்வை வரும் என்று என்னால் நம்பிக்கை தர முடியாது.

ஆனால் நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. இது கண்ணில் வந்த பக்கவாதம். அமெரிக்க இதயச் சங்கம் 2021-இல் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. அடுத்த சில வாரங்களில் மூளையிலும் அடைப்பு வரும் ஆபத்து அதிகம். உங்கள் கடிதத்தில் கழுத்து டாப்ளர், எக்கோ, ஈசிஜி, மூளை எம்ஆர்ஐ எதைப் பற்றியும் ஒரு வரி இல்லை. கண்ணை மட்டும் பார்த்து, "இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். எத்தனை வருடமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்! கண் போனதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். இன்றைக்கே நரம்பியல் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். அப்புறம், சில மாதங்களுக்குக் கண் பரிசோதனையையும் விடக்கூடாது. புது ரத்தக்குழாய்கள் முளைத்து கண் அழுத்தம் ஏறலாம்.

நண்பருக்கும் இதே அடைப்புதான். கண்ணுக்குள் ஊசி போட்டதும் தேறிவிட்டார். எனக்கு ஏன் போடவில்லை?

அவருக்கு வந்தது சிரை (ரத்தத்தைத் திரும்ப எடுத்துப்போகும் குழாய்) அடைப்பாக இருக்கும். அந்த ஊசி வீக்கத்தை வடிக்கும், தமனியைத் திறக்காது. ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

சுற்றிலும் இருட்டு, நடுவில் மட்டும் தெளிவாகத் தெரிகிறது. எப்படி?

நாலைந்து பேரில் ஒருவருக்கு சிலியோரெட்டினல் என்ற தனித் தமனி இருக்கும். அது உங்கள் மாகுலாவை, அதாவது விழித்திரையின் நடுப்பகுதியைக் காப்பாற்றியிருக்கிறது.

கண்ணை அழுத்தி மசாஜ் செய்தால் அடைப்பு விலகுமா?

பயன் நிரூபிக்கப்படவில்லை. அந்த நேரத்தில் 108-ஐக் கூப்பிடுங்கள். நாலரை மணி நேரத்துக்குள் போனால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து பொருந்துமா என்றாவது பரிசீலிப்பார்கள். அதற்கும் ஆதாரம் இன்னும் உறுதியாகவில்லை.

ஐந்து நிமிடம் திரை விழுந்தது போல இருந்து சரியாகிவிட்டது. அடுத்த வாரம் காட்டலாமா?

கூடாது. இன்றே. கழுத்துத் தமனியில் பிரச்சினை இருக்கலாம்.

அம்மாவுக்கு 71. பார்வை மங்கல், பொட்டில் வலி, சாப்பிடும்போது தாடை வலிக்கிறது. பல் டாக்டரிடம் போகலாமா?

வேண்டாம், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இஎஸ்ஆர், சிஆர்பி என்ற ரத்தப் பரிசோதனைகள் பார்க்க வேண்டும். இது தமனி அழற்சியாக இருந்தால், ஸ்டீராய்டு தாமதமாகும் ஒவ்வொரு நாளும் அடுத்த கண்ணுக்கு ஆபத்து.