ஆறாம் வகுப்புக்கு எந்தப் பள்ளி? தூக்கணாம்பாக்கத்து அம்மாவுக்கு ஒரு பதில்

வணக்கம் அம்மா. போன ஞாயிறு கடலூர் முகாமில் மகளை ஆறாவதில் எங்கே சேர்ப்பது என்று நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் அவசரமாக நின்றபடி பதில் சொன்னது சரியில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஐந்தாவது முடிக்கப்போகும் உங்கள் மகள் தமிழ்ப் புத்தகத்தையே எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாள். கவர்மென்ட் ஸ்கூலில் போட்டதே தப்பு என்கிறார் வீட்டுக்காரர். அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. உங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் 38 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள் என்றீர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்குப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் போதும். காகிதத்தில் 19 பேருக்கு ஒருவர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வகுப்புகள் ஐந்தாயிற்றே! ஒரு டீச்சர் ஒன்றாம் வகுப்புக்கு 'அ' எழுதிக் காட்டும்போது மூன்றாம் வகுப்பு சும்மா உட்கார்ந்திருக்கும். இன்னொருவர் ஆன்லைனில் விவரம் ஏற்றிக்கொண்டிருப்பார், அல்லது பயிற்சிக்குப் போயிருப்பார். பிள்ளைகள் குறையக் குறைய ஆசிரியர் குறைவார், ஆசிரியர் குறைந்தால் இருக்கும் பிள்ளைகளும் போய்விடுவார்கள். அந்த டீச்சர்களைத் திட்டிப் பயனில்லை. கணக்குப் போட்டவர்கள் வகுப்பறையை எண்ணாமல் தலைகளை எண்ணினார்கள்.

சரி, அதற்குத் தீர்வு வேன் வைத்து அழைத்துப் போகும் தனியார் பள்ளியா? தமிழே தடுமாறும் பிள்ளையை ஆறாவதில் ஆங்கில வழியில் போட்டால் அந்தக் குறை தீராது, மறைந்துவிடும். கேள்வி பதிலை மனப்பாடம் செய்து எழுபது மார்க் வாங்குவாள், நீங்களும் நிம்மதியாக இருப்பீர்கள். ஒன்பதாவதில்தான் விஷயம் வெளியே வரும். நீங்கள் சொன்ன நாற்பதாயிரம் ரூபாய் ஃபீஸ், அதற்கு மேல் வேன். ஐப்பசி கார்த்திகை மழையில் உங்கள் வீட்டுக்காரருக்குப் பெயின்ட் வேலை ஏது? அந்தச் சமயத்தில்தான் அடுத்த டெர்ம் ஃபீஸ் கேட்பார்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. முகாமுக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியவில்லை. அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. அதற்கு முன் எம்.பி.பி.எஸ். போன அரசுப் பள்ளிப் பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். சட்டம் வந்த முதல் வருடமே 300 பேருக்கு மேல் போனார்கள். 2021இல் இன்ஜினீயரிங், வேளாண்மை, கால்நடை, சட்டம் எல்லாவற்றுக்கும் அதை நீட்டினார்கள். அதில் இன்ஜினீயரிங் சேர்ந்தால் படிப்புக் கட்டணமும் ஹாஸ்டல் கட்டணமும் அரசே கட்டுகிறது. ஆனால் நிபந்தனை, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். "ஒரு வருஷம் பிரைவேட்டில் போட்டுப் பார்ப்போம், பிடிக்கலைன்னா ஏழாவதுக்குத் திரும்பி வந்துடலாம்" என்றீர்களே, அந்த ஒரு வருஷத்தோடு இந்தக் கதவு மூடிவிடும். புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரிக் காலத்தில் மாதம் 1000 ரூபாய் வருவதும் இதே ஆறாம் வகுப்புக் கணக்கில்தான்.

கடலூரில் பேர் பெற்ற அரசு உதவி பெறும் பள்ளிகளும் இருக்கின்றன. நல்ல பள்ளிகள்தான். ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுப்பதால் பலர் அவற்றையும் அரசுப் பள்ளி என்று நினைத்துக்கொள்கிறார்கள். 7.5இல் அவை சேராது.

அப்புறம், பாகூரில் இருக்கும் உங்கள் தங்கையின் யோசனை. அவர் வீட்டு முகவரியைக் கொடுத்துப் புதுச்சேரி அரசுப் பள்ளியில் சேர்ப்பது. அங்கே 2023-24 முதல் அரசுப் பள்ளிகளை சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். மருத்துவத்தில் அவர்களுக்கென்று 10 சதவீதமும் உண்டு. அதெல்லாம் அந்த ஊர்க் குடும்பங்களுக்கு. புதுச்சேரியில் கல்லூரிச் சேர்க்கை நடத்தும் சென்டாக் கலந்தாய்வில் குடியிருப்புச் சான்று கேட்பார்கள், உங்களிடம் இருக்காது. இந்தப் பக்கம் வந்தால் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படிக்கவில்லை என்பார்கள். எல்லையில் இருக்கும் முள்ளோடை செக்போஸ்ட்டில் நடுவழியில் இறக்கிவிட்ட மாதிரி ஆகிவிடும். தங்கையிடம் பக்குவமாக வேண்டாமென்று சொல்லிவிடுங்கள்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் போடச் சொல்லவில்லை. ஒதுக்கீடு இருக்கிறது என்பதற்காக ஆளில்லாத வகுப்பில் ஏழு வருடம் உட்கார முடியாது. ஒரு செவ்வாயோ புதனோ பத்தரை மணிக்குப் போங்கள். கணக்குக்கும் அறிவியலுக்கும் பட்டதாரி ஆசிரியர் இருக்கிறாரா, இடம் காலியா, காலியென்றால் எத்தனை மாதமாக? மேல் வகுப்பில் இயற்பியலுக்கு முதுகலை ஆசிரியர் உண்டா? பெண் பிள்ளைகள் கழிவறைக்குள் நீங்களே போய்க் குழாயைத் திறந்து பாருங்கள். சங்கடப்படாதீர்கள், அது உங்கள் உரிமை. அங்கே சரியில்லை என்றால் கடலூர் டவுனில் இன்னொரு அரசுப் பள்ளி. பஸ் பாஸ் இலவசம்தான்.

தனியார் பள்ளி என்றால் எல்லாம் ஒழுங்கு என்று நினைப்பவர்களுக்கு என் வீட்டுக் கதையைச் சொல்வேன். என் மகன் படித்த பள்ளியில், பெயர் வேண்டாம், பதினொன்றாம் வகுப்பு இயற்பியலை ஆறே வாரத்தில் ஓட்டிவிட்டுப் பன்னிரண்டாவது பாடத்துக்குத் தாவினார்கள். நீட்டில் இரண்டு வருடப் பாடமும் வரும் என்பது அவர்களுக்குத் தெரியாதா என்ன! இந்தத் தில்லுமுல்லைத் தடுக்கத்தான் 2017-18இல் பதினொன்றுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025-26இல் அதை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது, சந்தோஷம். பழைய பழக்கம் திரும்புமோ என்பதுதான் என் கவலை.

உங்கள் மூன்று வயதுப் பையனுக்கு: தனியார் பள்ளிகளில் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்துக்கு எல்.கே.ஜி.யிலேயே விண்ணப்பிக்க வேண்டும், ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள், எட்டாவது வரை கட்டணமில்லை. எட்டு வரை அப்படிப் படித்து ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு மாறினால், ஆறாவதிலிருந்து என்ற நிபந்தனைக்கு விலக்காக, 7.5 உண்டு. ஒரு கிலோமீட்டருக்குள் தனியார் பள்ளி இருந்தால்தான் இந்தப் பேச்சே. 2025-26இல் மத்திய நிதி நின்றதால் சேர்க்கை அக்டோபரில்தான் தொடங்கியது, அதனால் இதை மட்டுமே நம்பியிருக்காதீர்கள்.

மகளுக்கு இந்தக் கோடை விடுமுறைதான் முக்கியம். தினம் அரை மணி நேரம் தினத்தந்தியில் ஒரு செய்தியைச் சத்தம் போட்டு வாசிக்கட்டும், அன்றைக்கு ஐந்து வகுத்தல் கணக்கு. உங்களுக்கு நேரமில்லை என்றால் தெருவில் கல்லூரி போகும் பெண் யாராவது இருப்பாள், மாதம் ஐந்நூறு கொடுத்தால் சொல்லித் தருவாள். தமிழ் வழியிலேயே தொடரட்டும். அரசு வேலைக்குத் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீதம் தனியாக இருக்கிறது.

பள்ளிக்கூடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்ததும், கணக்கு டீச்சர் இருக்கிறாரா என்பதை மட்டும் ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள் அம்மா.